நகாத்தோவுக்கும் ஒரு ஜோடி

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நஜெம்பாவின் வீட்டுக்கு வந்திருந்தவர்கள்:

முக்கோனோ நலோங்கோ. நர்ஸ். நாலு வயதுப் பையன்கள் இருவரோடு.

கயாசா நலோங்கோ. முடி பின்னும் கடை வைத்திருப்பவள். மூன்று வயதுப் பெண்கள் இருவரோடு.

எண்டெபே நலோங்கோ. ஆறு மாதக் கைக்குழந்தைகள் இரண்டோடு.

வாக்கிசோ நலோங்கோ. பள்ளிக்கூட டீச்சர். ஒரு பையன், ஒரு பெண்.

மசாக்கா நலோங்கோ. தனியாக.

வீட்டில் இருந்தவர்கள் நஜெம்பா, அவள் மகள் பாபிரியே. அவ்வளவுதான்.

இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு அதன்பிறகு சொந்தப் பெயர் கிடையாது. ஊரே அவளை நலோங்கோ என்றுதான் கூப்பிடும். புருஷன் சலோங்கோ. நஜெம்பாவின் வலைப்பூவில் நானூறு நலோங்கோக்கள் சேர்ந்துவிட்டதால், குழப்பம் வராமல் இருக்க அவரவர் ஊரை முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளின் பெயரும் பிறப்பதற்கு முன்பே முடிவானதுதான். இரண்டும் பெண் என்றால் முதலில் வந்தவள் பாபிரியே, பின்னால் வந்தவள் நகாத்தோ.

வலைப்பூவின் பெயர் 'ரெண்டு வாய்'. பிரசவம் ஆன இரண்டாவது வாரம், இரண்டு பக்கமும் பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டிருக்க, போனில் ஒற்றைக் கட்டைவிரலால் எழுத ஆரம்பித்தது. தாய்மை புனிதம் என்று ஒரு வரி எழுதியதில்லை. ஒன்று தூங்கினால் மற்றது ஏன் எழுப்பிவிடுகிறது, மாமியார் வந்தால் எந்தப் பிள்ளையை முதலில் நீட்டுவது, காம்பு வெடித்தால் எதைத் தடவுவது, இதையெல்லாம் எழுதினாள். யார் என்ன கேட்டாலும் அன்றைக்கே பதில் போடுவாள். அடிக்கடி பேசுகிற ஒருத்தி நாலு நாள் சத்தமில்லாமல் இருந்தால் இவளே கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பாள். கூட்டம் அப்படித்தான் சேர்ந்தது. பழைய துணி கைமாறியது. ஆஸ்பத்திரியில் கிடந்தவளுக்கு யாரென்றே தெரியாத ஒருத்தி கஞ்சி கொண்டுபோனாள். புருஷன் அடித்தவளை எண்டெபே நலோங்கோ ஒரு மாதம் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். நஜெம்பாவுக்கு வேறு சிநேகிதம் கிடையாது. வேண்டியும் இருக்கவில்லை.

நகாத்தோ எட்டாவது மாதத்தில் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல்.

இரட்டையரில் ஒன்று செத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பறந்துவிட்டது என்பார்கள். அழக்கூடாது. அழுதால் இருக்கிறதும் சேர்ந்து பறந்துவிடும். லுவேரோவில் புருஷன் வீட்டு வாழைத்தோப்பில் புதைத்தார்கள். மற்றவர்கள் சொன்னபடியே நஜெம்பா அழாமல் இருந்துவிட்டுத் திரும்பினாள். திங்கட்கிழமை காலை, காய்ச்சலுக்கு முந்தின வாரமே எழுதி நேரம் குறித்துவைத்திருந்த கட்டுரை தானாக வெளியே போனது. பல் முளைப்பதைப் பற்றியது. கீழ்ப்பல் இரண்டும் நகாத்தோவுக்குத்தான் முதலில் வந்தது என்று அதில் இருந்தது. நூறு பேர் சந்தோஷப்பட்டு எழுதியிருந்தார்கள். நஜெம்பா வழக்கம்போல நூறு பேருக்கும் பதில் போட்டாள்.

தப்பு என்று சொன்னால் அதுதான் தப்பு. மற்றதெல்லாம் அதன் வால்.

அடுத்த வாரம் நகாத்தோ தவழ்ந்தாள். அப்புறம் நின்றாள். முட்டை பிடிக்காது, கோழி என்றால் பயம், இடது கைக்காரி. இல்லாத பிள்ளையை வளர்ப்பது சுலபமாக இருந்தது. துணி அலச வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம், எழுதினால் போதும். படிக்கிறவர்களுக்கும் பாபிரியேயைவிட நகாத்தோவைத்தான் பிடித்தது. படம் கேட்பார்கள். நஜெம்பா பாபிரியேக்குச் சிவப்புச் சட்டை போட்டு ஒரு படமும், மஞ்சள் சட்டை போட்டு ஒரு படமும் எடுத்து ஒட்டிவிடுவாள். ஒருநாள் மஞ்சள் சட்டை போட்டிருந்தபோது பிள்ளை பிஸ்கட்டை இடது கையால் வாங்கியது. சட்டையைக் கழற்றியதும் வலது கைக்கு மாற்றிக்கொண்டது. நஜெம்பா அதையும் எழுதினாள், வேறு மாதிரி.

புருஷனுக்கு ஜின்ஜாவில் கிடங்கு வேலை, வார இறுதியில் மட்டும் வருவான். வெகுநாள் அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது கத்தவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறாள் என்று மட்டும் கேட்டான். பாபிரியே நிஜமாகவே இளைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்றைக்கு ஐந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவன் ஒரே பேச்சாகச் சொன்னான்.

"இன்னைக்கு அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடு. ஆறு மணிக்கு வருவேன். சொல்லலைன்னா பாபிரியேய எங்க அக்காகிட்ட கொண்டுபோய் விட்டுருவேன். இங்க இருந்தா இவளும் மிஞ்ச மாட்டா."

சொல்லிவிடுவதென்றுதான் நஜெம்பாவும் இருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், நிதானமாக. சொன்னால் இவர்களில் ஒருத்தியும் மிச்சம் இருக்க மாட்டாள் என்பதும் தெரியும். இவர்களா பாபிரியேயா என்றால் பாபிரியேதான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வாய் ஒத்துழைக்குமா என்பதில்தான் சந்தேகம்.

ஒத்துழைக்கவில்லை. கயாசா நலோங்கோ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"எங்கடி என் மருமக? ரெண்டு பேருக்கும் ஷூ வாங்கியாந்திருக்கேன், ஒரே அளவு. ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணை விட்டா என் தோலை உரிச்சுருவாளுக."

அது விளையாட்டுப் பேச்சில்லை. இரட்டையருக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டாகத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கும்பிட்டு மற்றதை விட்டால், விடப்பட்டது சுட்டுவிடும். விட்டவர் மேலெல்லாம் தீப்பட்டதுபோல் கொப்புளம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேர் கையிலும் எல்லாமே ஜோடியாக இருந்தது. இரண்டு கிண்ணம், இரண்டு பந்து, இரண்டு கம்பளித் தொப்பி.

"உள்ளே படுத்திருக்கா. லேசா காய்ச்சல்" என்றாள் நஜெம்பா.

அவள் கை உள் அறையின் சாத்திய கதவைக் காட்டியது. அறைக்குள் ஒரு சின்னக் கட்டில், ஒரு பெட்டி, மாட்டிவைத்த மஞ்சள் சட்டைகள். வேறொன்றும் இல்லை.

பாயை விரித்து உட்கார்ந்தார்கள். வாழைக்காயை இலையில் கட்டி அவித்த மட்டோக்கேயையும் நிலக்கடலைக் குழம்பையும் நஜெம்பா கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி முதல் தடவையாகப் பார்க்கிற கூச்சம் பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. எல்லோருக்கும் எல்லோருடைய பிரசவமும் தையலும் தெரிந்திருந்தது. வாக்கிசோ நலோங்கோ தன் புருஷன் இன்றைக்கும் எந்தப் பிள்ளை எது என்று கேட்கிறான் என்றாள். ஒன்று பையன், ஒன்று பெண், அப்படியும் கேட்கிறான். எண்டெபே நலோங்கோ சிரித்துச் சிரித்து, மடியில் இருந்தது பாலைக் கக்கியது.

நஜெம்பா பாபிரியேயைச் சுவரோரம் உட்காரவைத்திருந்தாள். பிள்ளை சாப்பிடவில்லை. மற்ற பிள்ளைகளோடு சேரவும் இல்லை.

முக்கோனோ நலோங்கோ கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். காய்ச்சல் என்றால் பார்த்துவிடுகிறேன், பத்து வருஷமாக இதுதானே வேலை என்றபடி உள் அறைப் பக்கம் நடந்தாள். நஜெம்பா எழுந்திருக்கப் பார்த்தாள். காலில் எண்டெபேயின் கைக்குழந்தை கிடந்தது. அதைத் தூக்கி நகர்த்துவதற்குள் கதவு திறந்து, சாத்திக்கொண்டது.

முடிந்தது என்று நினைத்தாள். ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வருவாள், கேட்பாள், தானும் சொல்லிவிடலாம்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. முக்கோனோ நலோங்கோ வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"வேர்த்து விட்டிருக்கு, பயமில்ல. எதுக்கு இத்தனை போர்வையப் போட்டு அமுக்கி வெச்சிருக்க? புள்ளைக்கு மூச்சு வேணாமா?"

நஜெம்பா அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி தெரிகிறதா என்று தேடினாள். வேலை முடித்த நர்ஸின் முகம்தான் இருந்தது. கட்டிலில் போர்வையே கிடையாது.

அடுத்து கயாசா நலோங்கோ இரண்டு ஜோடி ஷூவோடும் போனாள். வெறுங்கையோடு வந்தாள். கால் விரல் இடிக்கிறது, இரண்டு மாதம்தான் தாங்கும், அடுத்த தடவை ஒரு அளவு பெரிதாக வாங்குகிறேன் என்றாள். பிறகு வாக்கிசோ நலோங்கோ கிண்ணத்தில் கஞ்சி எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் விரலால் வழித்த தடம் இருந்தது. இடது கையால்தான் சாப்பிடுகிறாள், எழுதியது சரிதான் என்றாள். எண்டெபே நலோங்கோ தன் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே அவள் எதையோ பாடுவது கேட்டது. நடுவில் வேறொரு குரல் சிரித்தது. கைக்குழந்தையின் சிரிப்பாக இருக்கலாம். நஜெம்பா அப்படித்தான் வைத்துக்கொண்டாள்.

முக்கோனோவின் பையன்கள் அந்தக் கதவின் முன்னால் குப்புறப் படுத்து, கீழ் இடுக்கு வழியாக ஒரு பந்தை உருட்டிவிட்டார்கள். பந்து திரும்பி வந்தது. மறுபடி உருட்டினார்கள். மறுபடி வந்தது.

நஜெம்பா ஒருத்திதான் அந்த அறைக்குள் போகவில்லை. போக முடியவில்லை. அறையில் ஒன்றும் இல்லை என்று கண்டால் இவர்கள் நாலு பேரும் சேர்ந்து தன்னைக் கொல்லாமல் கொல்கிறார்கள் என்று அர்த்தம். ஏதாவது இருந்தால், அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

மசாக்கா நலோங்கோவும் போகவில்லை. வந்ததிலிருந்து அதிகம் பேசவும் இல்லை. வயதில் மற்றவர்களைவிடப் பெரியவள். இரண்டு பந்துகளும் அவள் கொண்டுவந்தவைதான். சுவரோரம் பாபிரியேயின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பிள்ளையின் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நலோங்கோ, இங்க வா" என்றாள். "இவ கை ஏன் இப்படி ஜில்லுன்னு கிடக்கு?"

நஜெம்பா தொட்டுப் பார்த்தாள். மண்பானையைத் தொட்டதுபோல் இருந்தது. பாபிரியேயின் கண் பாதி மூடியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"வந்ததுல இருந்து பாக்கறேன். இவளுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. எல்லாம் அந்த ரூமுக்குத்தான் போகுது. ஒரு ஷூ, ஒரு தொப்பி இவகிட்ட வந்துச்சா? யாராவது கும்பிட்டாங்களா?"

நஜெம்பா சுற்றிப் பார்த்தாள். பாபிரியேயின் மடி காலியாக இருந்தது. ஜோடிகளில் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. இன்றைக்கு மட்டுமில்லை. கடைசியாகப் பாபிரியேயைப் பற்றி எப்போது எழுதினோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

கயாசா நலோங்கோ மறுபடி எழுந்து, நகாத்தோவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே டம்ளரை எடுத்தாள். நஜெம்பாவின் கையில் இருந்த உள்ளங்கை இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

"வேணாம்" என்றாள் நஜெம்பா. "உள்ள யாரும் இல்ல. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான். நகாத்தோ எட்டு மாசத்துல பறந்துட்டா. அதுக்கப்புறம் நா எழுதினதெல்லாம் பொய்."

எண்டெபேயின் குழந்தை ஒன்று விக்கியது. கயாசா நலோங்கோ டம்ளரோடு அப்படியே நின்றாள். அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப நா யாரு காலுக்கு ஷூ மாட்டினேன்?"

"நா நாடி பிடிச்சுப் பாத்தேன்" என்றாள் முக்கோனோ நலோங்கோ. குரலை உயர்த்தவில்லை. "நூத்திப் பத்து இருந்துச்சு. எனக்கு எண்ணத் தெரியாதுங்கறியா?"

நஜெம்பா புதைத்த இடத்தைச் சொன்னாள். நாளைச் சொன்னாள். படங்களை எப்படி எடுத்தாள் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. ஏமாற்றப்பட்டவர்களின் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது அது இல்லை. உள்ளே காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை, பெற்றவளே இல்லை என்று சொல்கிறாள் என்றுதான் அவர்களுக்குக் கோபம். உள்ளே இருக்கிறவள் காதில் விழுந்திருக்காதா என்று வாக்கிசோ நலோங்கோ கேட்டாள். ஒன்றை வேண்டாமென்று ஒதுக்குகிறவர்களைத் தனக்குத் தெரியும், இரண்டைத் தாங்க முடியாமல் அப்படிச் செய்வார்கள், ஆனால் அவர்கள் வாசலில் தான் உட்காருவதில்லை என்றாள். எண்டெபே நலோங்கோ குழந்தைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

முக்கோனோ நலோங்கோ கடைசியாக வாசலில் திரும்பி நின்றாள்.

"ரெண்டு வருஷமா உன்ன நம்பி எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். உன் புள்ளைக்கு நீ நல்லவளா இருக்கணும், அது போதும். அதுவே இல்லையே உன்கிட்ட."

நாலு பேரும் போய்விட்டார்கள். மேசைமேல் கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. ஒவ்வொருத்தியாக விலகுகிற செய்தி. நஜெம்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் நாலு, பிறகு பத்து, பிறகு போனைக் கவிழ்த்துவைத்தாள். சொல்லியாயிற்று. புருஷன் கேட்டது அதுதான். ஆனால் பாபிரியேயின் கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

மசாக்கா நலோங்கோ தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் ஏன் போகவில்லை என்று நஜெம்பா கேட்டாள்.

அவள் சொன்னாள். அந்தப் பல் கட்டுரை வந்த மாதம்தான் அவளுடைய இரண்டும் பறந்தன, ஒரே வாரத்தில். அதன்பிறகும் வலைப்பூவை ஒருநாள் விடாமல் படித்தாள். நகாத்தோ இல்லை என்பது அவளுக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னாள்.

"உசுரோட இருக்கற புள்ளைய ஒரு நாளாவது மறந்துபோவோம்மா. வேலை இருக்கும், எரிச்சல் இருக்கும். நீ பாபிரியேய மறந்திருக்க. நகாத்தோவ ஒரு நாள்கூட மறக்கல."

"உள்ள இருக்காளா?"

"அதான் இத்தன பேர் பாத்தாங்களே. நானூறு பேர் சோறு போட்டு வளத்தது எங்க போகும்?"

"அவங்ககிட்ட சொல்லிட்டேனே. இன்னும் ஏன் இவ இப்படி இருக்கா?"

"அவங்ககிட்டதான சொன்ன. அவகிட்ட சொல்லலையே."

மசாக்கா நலோங்கோ தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, இடுப்புக்கு மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. நஜெம்பா பாபிரியேயை மடியில் இறுக்கிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. சமாதானப்படுத்துகிற மாதிரி முணுமுணுப்பு கேட்டது. புது ஷூவின் அடி தரையில் இரண்டு தடவை தட்டியது.

வெளியே வந்தபோது துணி முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சு மார்புக்கு மேல். துணி நிறைந்திருந்தது. இரண்டு வயதுப் பிள்ளையைச் சுமக்கிறவள் எப்படிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்பாளோ, அப்படி நின்றாள். ஒரு கையைப் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"நா வெச்சுக்கறேன். நீ சரின்னாதான். உன் வாயால சொல்லணும்."

நஜெம்பா முதுகுப் பக்கம் பார்க்கவில்லை. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் கொடுத்தபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. மண்ணைத் தள்ளி, எழுந்திரு போகலாம் என்றார்கள். இப்போதுதான் ஒருத்தி கேட்கிறாள்.

"அவளப் பத்தி எழுதுவீங்களா?"

"எனக்கு எழுத வராது. சும்மா வெச்சுக்குவேன்."

"அழுவாளா?"

"பசிச்சா அழுவா."

மணி ஐந்தேகால். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தி, போன் பேசிவிட்டு, மறுபடி கிளப்பிக்கொண்டு போனார்கள். முட்டை பிடிக்காது என்று நஜெம்பா சொல்ல நினைத்தாள். அது தான் எழுதியது என்பதும் நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்துக்குள் நகாத்தோவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தனக்கு நிஜமாகத் தெரிந்ததைத் தேடினாள். காதை வருடினால் தூங்குவாள். அது ஒன்றுதான் கிடைத்தது. அதைச் சொன்னாள்.

"சரி" என்றாள் மசாக்கா நலோங்கோ.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் நஜெம்பா. "நகாத்தோ, நீ இவங்களோட போ. இங்க வேணாம்."

முதுகுத் துணிக்குள் ஏதோ அசைந்து அடங்கியது.

பாபிரியேயை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருக்கதவு வரை வந்தாள். மசாக்கா நலோங்கோ தான் கொண்டுவந்த ஜோடியில் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, மற்றதைப் பாபிரியேயின் கையில் வைத்து, கொஞ்சம் குனிந்து அவளை மரியாதையாகக் கும்பிட்டாள். பிறகு தெருவில் இறங்கி, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். பாரத்தோடு நடக்கிறவளின் நடை. திரும்பிப் பார்க்கவில்லை. துணியின் மேல் விளிம்பில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. நிழலாக இருக்கலாம். நஜெம்பா அதற்குமேல் பார்க்கவில்லை.

இடுப்பில் இருந்தது நெளிந்தது. கழுத்தில் பட்ட மூச்சு சூடாக இருந்தது.

"பசிக்குதும்மா" என்றாள் பாபிரியே.

தெருக்கோடியில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. நஜெம்பா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.